இறங்கும் கல்

எங்கள் வீட்டு வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில், மல்லிகைக் கொடிக்கு அடியில், கவிழ்த்துப் புதைத்த ஆட்டுக்கல் ஒன்று இருக்கிறது. நிலம் அளக்க வந்தவர்கள் அதை எல்லைக்கல் என்று நினைத்துச் சங்கிலி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தபால்காரர் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறார். யாரோ ஒரு அம்மாள் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது எல்லையும் இல்லை, சாமியும் இல்லை. நான் சைக்கிளிலிருந்து இறங்குவதற்காக என் மாமியாரும் நானும் நட்ட கல்.

யாருக்காவது சைக்கிள் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள். ஏறுவது ஆசையிலேயே வந்துவிடும். இறங்குவதற்குத்தான் பாடம் வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இந்த வரிசையில் இல்லை. என் கணவருடைய பாடத்திட்டத்திலும் இல்லை.

அவர் பொதுப்பணித் துறையில் வரைபடம் போடுபவர். எதையும் அஸ்திவாரத்திலிருந்து தொடங்கிக் கூரையில் முடிப்பார். மைதானத்தில் விடியற்காலைப் பனியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். முதலில் பாகங்களின் பெயர். பிறகு காற்றடிப்பது. பிறகு சமநிலை, மிதிப்பது, மணி அடிப்பது, கையை நீட்டித் திரும்புவது, பிரேக்கை மெதுவாகப் பிடிப்பது. கடைசிப் பாடம் இறங்குவது. அதுவரை ஒவ்வொரு முறையும் அவரே பின்னால் ஓடிவந்து கேரியரைப் பிடித்து நிறுத்துவார். நான் பெட்டி இறக்குவது போல் இறக்கப்படுவேன்.

இருக்கையின் உயரத்தையும் அவர்தான் கணக்குப் போட்டு முடுக்கினார். மிதி கீழே போகும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடிய வேண்டும். அப்போதுதான் கால் வலிக்காது. கணக்கு சரி, இன்றும் நான் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. முன்னால் நழுவி, ஒரு மிதியில் எடையை வைத்து, மற்ற காலை ஊன்ற வேண்டும். அதுதான் கடைசிப் பாடம். புதிதாகக் கற்பவருக்கு இருக்கையை இறக்கி வையுங்கள். பழகியபின் ஏற்றிக்கொள்ளலாம்.

கொள்ளேகால் சென்னை ராஜ்யத்திலிருந்து எங்கள் மைசூர் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்த புதிது அது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையை அளக்க வேண்டும், அங்கே பேச்சு தமிழ், தமிழ் தெரிந்தவர் யார் என்று தேடி, என் கணவரை ராமாபுரத்துக்கு முகாம் அனுப்பினார்கள். அங்கே உள்ளவர்களின் தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது வேறு கதை.

"ஏன்னா, இறங்கறதுக்குச் சொல்லித் தரலையே?" என்றேன், அவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது.

"அது என்ன பெரிய விஷயம்? வந்து சொல்றேன். அதுவரைக்கும் வெளியில எடுக்காதே."

எடுக்காமல்தான் இருந்திருப்பேன். அவர் போன சில நாட்களில் நஜர்பாத் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து உத்தரவு வந்தது. கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், அந்த இடத்துக்கு நான் வர வேண்டும். பட்டம் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் உத்தரவு. நேரில் போய்ப் பார்த்தபோது தலைமையாசிரியை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். அந்த டீச்சர் திரும்பி வரப்போவதில்லை என்று நினைக்கிறேன், ஒழுங்காக வந்தால் உன் பெயரையே நிரந்தரத்துக்கு எழுதுவேன். ஒழுங்கு என்றால் என்ன என்பதையும் சொன்னார்: பிரார்த்தனை மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவோம், வெளியே நிற்பவர் யாராக இருந்தாலும் வெளியேதான்.

நாங்கள் இருந்தது ஊரின் மறுகோடியில், ஒண்டிக்கொப்பலில். பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாத காலம். தினமும் ஜட்கா வைக்க நாங்கள் யார்? சைக்கிள் இருந்தது, விளக்கும் மணியும் இருந்தன. நகராட்சி உரிமத்தின் பித்தளை வில்லையும் தொங்கியது. வில்லை கொடுப்பவர் பிரேக் இருக்கிறதா என்று பார்த்தார். ஓட்டுகிறவளுக்கு இறங்கத் தெரியுமா என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றி ஒத்திகை பார்த்தேன். ஓட்டம் நன்றாகவே வந்தது. வீட்டு வாசல் வந்தபோது, கேட்டருகே நின்ற மாமியாரைப் பார்த்து, "அம்மா, கேரியரைப் பிடிங்கோ!" என்று கத்தினேன்.

"நான் மடி. நீ இன்னொரு சுத்து போயிட்டு வா."

அடுத்த சுற்றில் அவரையே காணோம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஸ்வல்பம் இருடி, பால் பொங்கறது!"

இருக்கத் தெரிந்தால் நான் ஏன் சுற்றுகிறேன்? அதற்கடுத்த சுற்றில் அவருடைய மல்லிகைக்குள் போய் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

மாமியார் வந்து முதலில் கொடியைத்தான் பார்த்தார். "இத்தனை பெரிய மைசூர்ல உனக்கு இறங்க என் மல்லிகைதான் கிடைச்சுதா?"

"அடி பட்டுதான்னு கேக்கலையே?"

"வாய் பேசறியே, பட்டிருக்காது."

வாய் பேசிக்கொண்டே முறிந்த கிளைகளைக் கத்தரியால் ஒட்ட வெட்டினார். மல்லிகையைப் பனிக்காலத்தில், தண்ணீரைக் குறைத்து, இரக்கமில்லாமல் கவாத்து செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் வருஷாவருஷம் கத்தரியை எடுத்துக்கொண்டு போவார், நுனியில் இரண்டு இலையைக் கிள்ளிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தச் செடிக்கு வாழ்நாளில் முதல்முறையாக முறைப்படி கவாத்து நடந்தது அன்றைக்குத்தான்.

கல் நடும் யோசனையும் அவருடையதுதான். கொல்லையில் பழைய ஆட்டுக்கல் ஒன்று குழி தேய்ந்து கிடந்தது. அன்னம் அரைத்த கல்லில் காலை வைப்பதா என்று நான் தயங்கினேன். அவர் கல்லைச் சுற்றி வந்து பார்த்தார். "கவிழ்த்துட்டா அது ஆட்டுக்கல் இல்லை. வெறும் கல்லு" என்றார். சாஸ்திரம் தெரிந்தவர்களுக்குத்தான் அதிலிருந்து வெளியே வரும் வழியும் தெரியும்.

இருவருமாக உருட்டிக்கொண்டு வந்தோம். கல் நடுவதற்கு முறை இருக்கிறது. கெட்டித் தரை வரும்வரை தோண்டி, உடைத்த செங்கல்லைப் போட்டு இடித்து, சுண்ணாம்புக் காரையில் கல்லை உட்கார வைத்து, ஒரு வாரமாவது சாக்குப் போட்டு நனைத்து, அதன் பிறகே பாரம் வைக்க வேண்டும். எனக்கோ மறுநாள் வேலை. ஆகையால் கல் முதல் சில நாட்கள் ஆடியது. நான் அதில் காலை வைக்கும்போதெல்லாம் மாமியார், "மெதுவா, மெதுவா, காரை இன்னும் பச்சை" என்பார். எனக்கு அடிபடும் என்று அல்ல.

பள்ளிப் பக்கத்தில் கல் நட முடியாது. ஆனால் கேட்டுக்குச் சற்று முன்னால் ஜட்காக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்று இருந்தது. அதன் விளிம்பு சரியாக என் கால் எட்டும் உயரம். தினமும் அதை ஒட்டிப் போய், விளிம்பில் காலை வைத்து, சைக்கிளைச் சாய்த்து இறங்குவேன். "நிதானா அம்மா, நிதானா" என்று ஒரு ஜட்காக்காரர் என்னையும் தன் குதிரையையும் ஒரே குரலில் சமாதானப்படுத்துவார்.

இந்த இரண்டு கற்களுக்கு இடையில் இருந்த பாதையைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். வழியில் எங்கும் நிற்க முடியாதவளுக்கு ஊர் எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தை மாதப் பனியில் சாமுண்டி மலை இருக்காது. அது இருந்த இடத்தில் வெளுப்பாக ஏதோ ஒன்று இருக்கும். தூங்குமூஞ்சி மரங்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, என்னைத் தாண்டி, மறுபடியும் பனிக்குள் போகும். தெருமுனைகளில் அவரைக்காயைக் குவித்து வைத்திருப்பார்கள். அந்தப் பச்சை வாசனை நெற்றியில் மோதும், உடனே காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை வரும், அதுவும் போய்விடும். எதையும் இரண்டாம் தடவை பார்க்க முடியாது. வட்டச் சந்தியில் வண்டிகள் குறுக்கே வந்தால், வழி கிடைக்கும்வரை நான் வட்டத்தையே சுற்றுவேன். அரண்மனை மதில் ஒருமுறை இடப்பக்கம் வரும், காணாமல் போகும், மறுபடி வரும். போலீஸ்காரர் முதலில் கையைக் காட்டினார், பிறகு பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஓட்டுவதாகவே தோன்றாது. ஊரை யாரோ எனக்கு அடியிலிருந்து மெதுவாக உருவி எடுப்பது போல இருக்கும். காலை ஊன்ற முடியாது என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பயத்தின் மேல், பாலில் ஆடை போல, ஒரு நிம்மதி படிந்திருக்கும்.

சங்கிலியில் தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள். என் மாமியார் அன்போடு விட்டார். மைசூர்க் குளிரில் அது உறைந்துபோய், விடியற்காலையில் சங்கிலி முனகிக்கொண்டே சுற்றும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நான் இதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அதனால் அன்றைக்கும் சங்கிலி முனகிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்றால், தொட்டி காணாமல் போன நாள். குழாய் பதிப்பதற்காகச் சாலை ஓரத்தைத் தோண்டியிருந்தார்கள். தொட்டியைப் பெயர்த்து மண்குவியலுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன், தாண்டிவிட்டேன். பள்ளி கேட்டில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"எங்கேம்மா போறே?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"இதோ வந்துட்டேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

பள்ளியைச் சுற்றி வந்தேன். பின்பக்கத் தெருவில் ஒரு கல், ஒரு திட்டு, ஒரு சாய்ந்த கம்பம் கூட இல்லை. குடியிருப்புகளை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கக் கூடாது. மறுபடியும் கேட் வந்தது.

"மணி அடிக்கப் போறது!"

"வந்துட்டேன் மேடம்!"

விழுந்துவிடலாமா என்று யோசித்தேன். விழலாம். ஆனால் மாணவிகளின் முன்னால் விழுந்த கணக்கு டீச்சர் அதன்பின் எந்த வகுப்பில் வாயைத் திறப்பாள்? வெளியே நின்றுவிட்டால் அந்த நிரந்தரம் போகும், நான் பருப்புக்குத் திரும்புவேன். அடுத்த சுற்றின் பாதியில் மணி அடித்தது. முனையைத் திரும்பியபோது பியூன் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டு மற்றதைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் மணியை அடித்தேன், கையை முறைப்படி நீட்டினேன், இடைவெளிக்குள் நுழைந்தேன்.

உள்ளே பிரார்த்தனை தொடங்கிவிட்டது. பிரார்த்தனையின்போது யாரும் அசையக் கூடாது, யாரும் பேசக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. அது அந்தப் பள்ளியின் விதி. தலைமையாசிரியையும் விதிக்கு உட்பட்டவர். அவர் கைகூப்பி நின்றார். நான் சுற்றினேன். கண்மூடிய பெண்களின் வரிசைகளுக்குப் பின்னால், செம்பருத்திச் செடிகளை ஒட்டி, கொடிமரத்தைத் தாண்டி, மறுபடியும் வரிசைகளுக்குப் பின்னால். அவர்கள் பாட்டின் கீழே என் சங்கிலி சுருதி போட்டது. சில பெண்கள் ஒரு கண்ணைத் திறந்தார்கள். பனி அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது. வெயில் முதலில் கொடிமரத்தின் உச்சியிலும், பிறகு அவர்களுடைய நேர்வகிட்டிலும் விழுந்தது. இந்தப் பாட்டு முடியவே வேண்டாம் என்று இருந்தது. முடிந்தால், நான் இறங்கத் தெரியாதவள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முடிந்தது. பிறகு தேசிய கீதம் எழுந்தது.

தேசிய கீதத்துக்கு அசையாமல் நிற்க வேண்டும். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆவதற்குள் அது எங்கள் எலும்பில் ஏறியிருந்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், இருக்கையிலிருந்து முன்னால் நழுவினேன், ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. சைக்கிளைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன். கீதம் பாதிக்கு வந்தபிறகுதான் நான் இறங்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கொடியைப் பார்த்தேன்.

எல்லோரும் கலைந்தபின் தலைமையாசிரியை அருகில் வந்தார். அவர் கோபக்காரர்தான், ஆனால் அதைவிட விதிக்காரர்.

"மணி அடிச்சு கேட்டைச் சாத்தறதுக்குள்ள உள்ளே வந்துட்டே. சைக்கிளை விட்டு எப்போ இறங்கணும்னு விதியில இல்லை" என்றார். கொஞ்சம் நடந்து போய்த் திரும்பினார். "இனிமே அதையும் விதியில நானே சேத்துடறேன்."

சேர்த்தார். அந்தப் பருவம் முடியும்போது, சொன்னபடியே என் பெயரையும் மேலே எழுதி அனுப்பினார். பல வருஷங்கள் கழித்து அதே மாதிரியான இன்னொரு கேட்டைச் சாத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அந்த விதியை நான் நீக்கவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மாமியார் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். காரை நன்றாக இறுகியிருந்தது. ஒட்ட வெட்டிய மல்லிகையில் கணுக்கணுவாகச் சிவந்த துளிர்கள் வந்திருந்தன. என்னைக் கண்டதும் கல்லைக் காலி செய்துகொண்டு எழுந்தார். நான் கல்லுக்குப் போகவில்லை. தெரு நடுவில் பிரேக்கைப் பிடித்து, முன்னால் நழுவி, காலை ஊன்றி நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"இதை முன்னாடியே பண்ணியிருந்தா என் செடி தப்பிச்சிருக்கும்" என்றார். "சரி, உள்ளே வா. காப்பி ஆறிடும்."

"இதோ வரேம்மா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஏறினேன்.

"இறங்கத்தான் தெரிஞ்சுடுத்தே, அப்புறம் ஏண்டி சுத்தறே?"

பதில் சொல்வதற்குள் தெருமுனை வந்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்துக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம். தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மூடத் தொடங்கியிருந்தன. எந்த மரத்தடியில் வேண்டுமானாலும் நான் இறங்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே, ஒன்றிலும் இறங்காமல், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன்.