காற்றோடு வந்த தண்ணீர்

போன வாரம் மகனுடைய காருக்குக் காற்றுப் பிடிக்க ஒரு டயர் கடையில் நின்றோம். கடைக்காரர் கம்ப்ரசர் டாங்கியின் அடியில் கையை விட்டு ஒரு குமிழைத் திருகினார். ‘புஸ்ஸ்’ என்று சீறிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. துருவும் எண்ணெயும் ஈரமும் கலந்த வாடை. மகன் முகத்தைச் சுளித்துக் கண்ணாடியை ஏற்றினான். நான் இறக்கச் சொன்னேன். மல்லிகைப் பூவைக்கூட நான் அப்படி மூச்சை இழுத்து முகர்ந்தது கிடையாது. உங்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். அது எங்கள் நெய்வேலி வீட்டின் சாயங்கால வாசனை.

கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். என்னைக் கட்டியவர் திருநெல்வேலிக்காரர். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் மெக்கானிக். எண்பதுகளின் ஆரம்பத்தில் நாங்கள் குவார்ட்டர்ஸில் குடியேறினோம். பஜாரில் இருந்த ஸ்டூடியோக்காரர் என் கைவேலையைப் பார்த்துவிட்டு, தன் ஏர்பிரஷ்ஷையும் கம்ப்ரசரையும் எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அவர் கடையில் அதை வைக்க இடமில்லை. ஏர்பிரஷ் என்பது பேனா மாதிரி கைக்கு அடக்கமான சாமான். ஒரு பக்கம் காற்று வரும், மறுபக்கம் நிறம் புகையாகப் போகும். கம்ப்ரசர் அப்படியல்ல. மோட்டாரும் பெல்ட்டும் டாங்கியுமாக, போட்டால் மாவு மில் போல அலறும்.

அந்த அலறல்தான் பிரச்சினை. எங்கள் வரிசையில் யாராவது நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கினால், அவர்கள் கதவில் ஒரு அட்டை தொங்கும். அவ்வளவுதான், வரிசையே வாயை மூடிக்கொள்ளும். கீரைக்காரர் கூவாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகூடக் குசுகுசுவென்று சண்டை போடுவார்கள். குசுகுசுவென்று திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எங்கள் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கனகம் அக்காவின் வீடு. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. அவள் வீட்டுக்காரருக்கு சுரங்கத்தில் ஓயாத நைட் ஷிப்ட். அந்தச் சுவரோரம்தான் கட்டில். அதனால் கம்ப்ரசரைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் சமையலறை மூலையில் வைத்தோம். அங்கிருந்து ரப்பர் குழாய் நடையைத் தாண்டி, வெளிச்சமுள்ள முன்னறைக்கு வரும். ஊருக்கு உபகாரம் செய்துவிட்ட பெருமை எங்கள் இரண்டு பேருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் வந்தது வினை. நன்றாக ஊதிக்கொண்டே இருக்கும்போது, திடீரென்று ஏர்பிரஷ் ஒரு செருமல் செருமி, பொளக்கென்று தண்ணீரைத் துப்பும். விழுந்த இடத்தில் நிறம் கரைந்து வெள்ளைப் புள்ளி. முகத்தில் விழுந்தால் அம்மை போட்ட மாதிரி. அந்தப் படத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கு இது தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஏனென்றால் பிளாண்டில் கருவிகளுக்குப் போகும் காற்றில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலையே. “தெர்மலுக்கே காத்து காயவைக்கேன், ஒன் பிரஷ்ஷு குருவி மூக்குக்குக் காயவைக்க மாட்டனா?” என்றார். குழாய் சரிவாக இறங்கும்படி ஆணி அடித்தார். நடுவில் தண்ணீர் தங்க ஒரு பாட்டில் வைத்தார். காற்று குளிர்ந்தால் தண்ணீர் முன்னாலேயே பிரிந்துவிடும் என்று செம்புக் குழாயைச் சுருட்டி வாளித் தண்ணீருக்குள் இறக்கினார். கடலூருக்குப் போய் ஈரம் உறிஞ்சும் நீலக் குருணை வாங்கிவந்தார். ஈரம் குடித்தால் அது ரோஜா நிறமாகும். வாணலியில் வறுத்தால் மறுபடி நீலம். நான் அதை வறுத்துக்கொண்டிருந்தபோது கனகம் அக்கா எட்டிப் பார்த்து, “இதென்ன கண்ணு, கலர் ஜவ்வரிசியா? பாயசத்துக்கா?” என்றாள். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே இவர் டாங்கியின் அடிக்குமிழைத் திருகுவார். புஸ்ஸ். அந்தச் சத்தம் கேட்டால்தான் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாக எனக்கு அர்த்தம். தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. படங்களும் கெட்டுக்கொண்டேதான் இருந்தன.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். பக்கத்துக் கிராமம், கான்ட்ராக்ட் வேலை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து வெகுகாலம். வேலைக்கான பாஸில் ஒட்டியிருந்த அவன் படம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. தன்னை ஸ்டூடியோவில் புதிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கித் தரச் சொன்னாள்.

“நாங்க ரெண்டு பேரும் சேந்து போட்டாவே புடிச்சிக்கலம்மா. கேட்டா, அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாரு. தை மாசம் பொண்ணுக்குக் கண்ணாலம். நான் மேடை பக்கம் போவக் கூடாதும்பாங்க. படமாவது ஜோடியா நிக்கட்டும்.” வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். “அவரு வயசுப் புள்ளயா இருக்காருன்னு என் வயசக் கொறச்சிடாத. அப்பறம் எம் பொண்ணே இது யாருன்னு கேக்கும்.”

இரண்டு படங்களையும் வெட்டி ஒட்டி, தோளும் தோளும் சேரும் இடத்தில் புகையாக நிறம் ஊதி ஒட்டுத் தெரியாமல் மறைக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் துப்பியது. அவன் தோளில் ஒரு புள்ளி, அவள் கழுத்தில் ஒரு புள்ளி. ஸ்டூடியோக்காரர் மறுபடி மறுபடி பிரதி எடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், “இதுதான் கடைசிம்மா. இதுவும் கெட்டுதுன்னா முடியாதுன்னு அந்தப் பொம்பளைகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டார். அஞ்சலையிடம் நான் எப்படிச் சொல்வேன்? வேலை முடிந்து போகும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று, “ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

பயத்தில், தினமும் முதலில் எங்கள் கல்யாணப் படத்தின் ஒரு பிரதியில் ஊதிப் பார்ப்பேன். அதில் துப்பினால் அன்றைக்கு அஞ்சலையின் படத்தைத் தொடுவதில்லை. துப்பாத நாளே இல்லை. இவருடைய பட்டு வேட்டியெல்லாம் புள்ளி.

என் முகம் விழுந்துபோனதைக் கனகம் அக்கா கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் இவர் ஷிப்டுக்குப் போனதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். “ஏங்கண்ணு, இன்னைக்கு நீ அடுப்பே மூட்ட வேண்டாம். சோறும் கொழம்பும் நாங் கொண்டாறேன். அந்தப் புள்ள படத்த முடிச்சுக் குடு, பாவம்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் படத்தில் ஊதினேன். துப்பவில்லை. கொஞ்ச நேரம் ஊதினேன். துப்பவே இல்லை. சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அஞ்சலையின் படத்தை எடுத்தேன். மத்தியானம் கனகம் அக்கா தூக்குப் பாத்திரத்தோடு வந்தபோது தோளும் தோளும் சேர்ந்திருந்தன. நான் அழுதேன். அக்கா சுவரைக் காட்டி, “உஸ், மெதுவா அழு, அவரு தூங்கறாரு” என்றாள்.

சாயங்காலம் இவர் வந்தார். வழக்கம்போலக் குமிழைத் திருகினார். வெறும் காற்று. கடைசியில் ஏதோ பிச்சை போட்ட மாதிரி ஒரு சொட்டு. இவர் முகம் மாறிவிட்டது.

“ஏட்டி, தண்ணிய எங்க? டாங்கி ஓட்டையாயிட்டோ?” தரையில் படுத்து அடியைத் தடவிப் பார்த்தார். “இன்னைக்கு என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலைங்க. சமைக்கக்கூட இல்ல.”

படுத்திருந்தவர் அப்படியே தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய்க்கு ஒரு முழத்தில் என் கரி அடுப்பு. அதன்மேல் காலையில் இட்லிக் குண்டான், அப்புறம் உலை, அப்புறம் வெந்நீர். மழைக்கு ஜன்னலைச் சாத்தியதிலிருந்து, நாள் முழுக்கக் கொதிக்கும் அடுப்பின் மூச்சை அது இழுத்து இழுத்து டாங்கியில் நிரப்பியிருக்கிறது. நாங்களோ அந்தக் கோடியில் பாட்டில் வைத்தோம், குருணை வறுத்தோம். அந்தக் குருணையை வறுத்ததும் அதே அடுப்பில்தான்!

“அடப்பாவி மட்ட! நம்ம இட்லி ஆவிதானாட்டி இம்புட்டு நாளும் படத்துல விழுந்துருக்கு!” தரையில் கிடந்தபடியே இவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல் இருக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குந்தான். “பிளாண்டுல யார்ட்டயும் சொல்லிராத” என்று கெஞ்சினார். மறுநாளே வரிசை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அஞ்சலை வந்தாள். படத்தைக் கையில் வாங்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு இரண்டு தோளுக்கும் நடுவில் தடவிப் பார்த்தாள். “நடுவுல ஒண்ணும் தெரியிலியே” என்றாள். “ஆமா, ஒண்ணும் தெரியாது” என்றேன். “கிட்டத்துலதான் நின்னுகினு இருக்காரு” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்ரசரை முன்னறைக்கு மாற்ற முடியாது. கனகம் அக்கா வீட்டுக்காரரின் தூக்கம் இருக்கிறதே. அதனால் நான் ஊதும் நாளில் அவள் சமையல், மற்ற நாளில் என் சமையல் என்று ஆகிப்போனது. வேலிக்கு மேலே பாத்திரம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. என் பையன் அரிசிம்பருப்புச் சோறு தின்று வளர்ந்தான். அவள் பெண்ணுக்கு என் கையால் சொதி வேண்டும்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை என்றால் ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கனகம் அக்கா கோபிக்குப் போனாள். கொஞ்ச காலம் போனில் பேசினோம். பிறகு ஒருநாள் அவள் மகள் பேசினாள். அக்கா இல்லை என்றாள். நாங்கள் சென்னைக்கு வந்தோம். இவரும் போய்விட்டார். நடுவில் ஒரு தடவை அந்தப் பக்கம் போனபோது எங்கள் வரிசையே இல்லை. இடித்துவிட்டு மண்ணை நிரவியிருந்தார்கள். சமையலறை எங்கே இருந்தது என்று என்னால் குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாணப் படத்தின் அந்தப் பிரதி மட்டும் இருக்கிறது. தூக்கிப் போடப் போனேன். இவர்தான் பிடுங்கிச் சட்டம் போட்டு மாட்டினார். இப்போது என் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. அதில் இவர் வயசுப் பிள்ளை. டயர் கடையிலிருந்து வந்த அன்றைக்கு மகன் அதன் முன்னால் நின்று, “இந்தப் புள்ளியெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துரலாம்மா, ஒரு நிமிஷ வேலை” என்றான். நல்ல பிள்ளைதான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த அடுப்பு இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கியவர் இல்லை, வேலிக்கு மேலே பாத்திரம் நீட்டிய கை இல்லை, குமிழைத் திருகிய கை இல்லை. அந்தச் சமையலறையின் ஆவி மட்டும்தான் இந்தப் படத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“கைய வெச்சுப் பாரு, அப்பறம் இருக்கு ஒனக்கு” என்றேன்.