பயந்து எடுத்து வைத்த பிரதிகள்

அக்காவின் வீட்டுக் கூடத்தில் அன்று என் காலில் முதலில் குத்தியது கீபோர்டின் ஒரு கட்டை. தரையெங்கும் எழுத்துகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, ரத்தம் காயாமல், அக்காவின் முன்பல். மானிட்டர் சுவரோரம் உடைந்து கிடந்தது. அதன் வயிற்றில் சுத்தியல் செருகியபடியே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சாயங்காலம் கிளம்புமுன் கணினிக் கோப்புகளை பிளாப்பி வட்டுகளில் நகலெடுப்பது என் பொறுப்பு. பிளாப்பியில் கொள்வது கொஞ்சம்தான் என்பதால், எதை எடுப்பது, எதை விடுவது என்று தினமும் யோசிக்க வேண்டும். மறுபடி செய்துகொள்ள முடிந்ததை விட்டுவிடுவேன். மயிலாப்பூரில் இருந்த அக்காவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். நகல் அதே வீட்டில் இருக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அக்கா கல்லூரியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டே, அடையாறு முகத்துவாரத்துப் புல்வகைகளைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் சேற்றில் இறங்கி எடுத்த குறிப்புகள் எல்லாம் கணினியில் இருந்தன. வாராவாரம் அடையாற்றில் எங்கள் வீட்டுக்கு வரும்போது, பிளாப்பிகளைக் கொண்டுவந்து என் அலமாரியில் வைப்பாள். அவற்றில் பாதி அவள் கணவர், அத்திம்பேருடையவை. அவர் கட்டட ஒப்பந்தக்காரர். வரைபடங்களும் மதிப்பீடுகளும் அதே கணினியில்தான் இருந்தன. நகலெடுக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது.

"அவர் வேலையை நீ ஏன் சுமக்கறே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது அழிஞ்சுதுன்னா அடி எனக்குத்தானே விழும்," என்றாள், தலைப்பை இழுத்து முழங்கையை மூடிக்கொண்டு. அதற்குமேல் என்னைப் பேச விடவில்லை.

அன்று மத்தியானம் ஆய்வின் கடைசி அத்தியாயம் அச்சாகிக்கொண்டிருந்தது. அத்திம்பேர் வந்து, கணினி தனக்கு வேண்டும், எழுந்திரு என்றார். "அஞ்சு நிமிஷம், முடிஞ்சுடும்," என்றாளாம். கீபோர்டைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அறைந்தார். விழுந்த பிறகும் உதைத்தார். அப்புறம் சுத்தியலை எடுத்தார். ஹார்ட் டிஸ்க் நசுங்கித் தட்டையாகும்வரை விடவில்லை. பக்கத்து வீட்டு மாமிதான் எனக்கு போன் செய்தாள். ஆட்டோவில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தேன்.

தன் கோப்புகளும் அதோடு போய்விட்டன என்பது வெறி அடங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த வாரம் ஒரு பெரிய கட்டடத்துக்கு டெண்டர் போட வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து வந்தார். தாடை வீங்கி உட்கார்ந்திருந்தவளிடம் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"என் பைல் எல்லாம் உன்கிட்ட இருக்குமே. எடுத்துண்டு வா."

"குடுத்துடுடி, அவர் பொழைப்பாச்சே," என்றாள் அம்மா.

அக்கா எழுந்து அலமாரியைத் திறந்து, அவர் பெயர் எழுதியிருந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்தாள். என்னிடம் கத்திரிக்கோல் கேட்டாள். முதல் பிளாப்பியின் தகரத்தைப் பிய்த்து, உள்ளேயிருந்த மெல்லிய கறுப்பு வட்டை இழுத்து, அவர் கண்ணெதிரே குறுக்கே வெட்டினாள்.

அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டை முறுக்கினார். நடுவில் புகுந்த என்னைத் தள்ளியதில் சுவரில் மோதி என் நெற்றி பிளந்தது. கத்திரிக்கோல் அவர் உள்ளங்கையைக் கிழித்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்துகூடப் பழக்கமில்லாத அம்மா, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "வெளியில போடா!" என்று அலறியபடி வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் போட்ட பிறகும் அவர் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அக்கா மிச்சத்தையும் ஒவ்வொன்றாக வெட்டினாள்.

அக்காவுக்கு அடுத்த வருஷம் பட்டம் கிடைத்தது. விவாகரத்து கிடைக்க இன்னும் நாளாயிற்று. இன்று என் கணினி என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்கிறது. அன்பால் வைத்தது எது, பயத்தால் வைத்தது எது என்று அதற்குத் தெரியாது. அக்காவுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தது. வெட்டாமல் விட்ட தன் பிளாப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியை என் நெற்றியில் அழுத்திப் பிடித்தபடியே, கிழிந்த உதட்டால் குழறிக் குழறிக் கேட்டாள்: "உன் ஆபீஸ்ல பிரிண்டர் நன்னா வேலை செய்யறதோ?"