ஆணி இறங்க இடமில்லாத குளம்பு

திண்டிவனத்தில் என் சித்தப்பா கல்யாண ஊர்வலங்களுக்காக ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். நான் கால்நடை மருத்துவம் முடித்து விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் குளம்புகளைத் தூக்கிப் பார்த்தேன். லாடத்துக்காகத் திரும்பத் திரும்ப ஆணி அடித்து ஓரமெல்லாம் பொத்தல். இன்னொரு முறை அடித்தால் குளம்பு பிளக்கும். அப்புறம் அது நடக்காது.

லாடங்களைக் கழற்றினேன். சித்தப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். ஒன்று, புதுக் குளம்பு மேலிருந்து கீழே வளர்ந்து வர ஒரு வருடம்கூட ஆகலாம். இரண்டு, அதுவரை தார் ரோடு கூடாது. ஏரிக்கரை மண்ணில் மட்டும் நடை. மூன்று, நிற்கும் இடத்தில் ஈரம் கூடாது. நான்கு, ஓரத்தை நான் வந்து அரத்தால் ராவிவிடுவேன், வேறு யாரும் காலைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றார்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். முதலில் காலைக் கொடுக்க மறுத்த குதிரை, சில மாதங்களில் நான் தோளைத் தட்டினாலே காலைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தது.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. "குதிரை சபரிமலைக்கு மாலை போட்டுக்கினு இருக்குதா?" என்றார் பால்காரர். எதிர்வீட்டு அக்கா அதைவிட மோசம்: "பாவம், வெறுங்காலோட நிக்குது. ஒரு லாடம் அடிக்க வக்கில்லையா?"

ஆணி இறங்கிய வருடங்களில் யாரும் பாவம் என்று சொன்னதில்லை.

இடையில் சில வாரங்கள் என்னால் போக முடியவில்லை. போனபோது நான்கு காலிலும் லாடம். வரப்போகும் ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்ட சித்தப்பா, சந்தையிலிருந்து மாட்டுக்கு லாடம் அடிப்பவரைக் கூட்டிவந்திருக்கிறார். குதிரையை நிற்கவைத்துத்தான் அடிக்க வேண்டும். அவரோ மாட்டுக்குச் செய்வதுபோல் காலைக் கயிற்றால் கட்டி, கீழே தள்ளி அடித்திருக்கிறார். சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"எல்லாரும் பாவம் பாவம்னு சொல்லிக்கினு இருந்தா நான் என்னம்மா பண்றது? ஒரே பேஜாரு."

முன்னங்காலைத் தொட்டேன். குதிரை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டேன். கடிக்க வந்தது.

"பாத்தியா, அதுக்கே லாடம் புடிச்சிருக்குது."

லாடம் கழற்றும் கருவியைப் பையிலிருந்து எடுத்தேன். குரலை உயர்த்தவில்லை. "சித்தப்பா, கயித்தைப் புடிச்சிக்கினு நில்லுங்க. எதுவும் பேசாதீங்க."

கடைசி லாடம் கழன்றபோது வெயில் சாய்ந்திருந்தது. இத்தனை மாதம் ராவிக் காப்பாற்றிய ஓரம் ஆணிகளோடு துண்டு துண்டாக வந்தது. மண்ணில் காலை ஊன்றவே குதிரை யோசித்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அது என்னை நம்புவது உட்பட.

"கல்யாண வீட்டுக்கு என்னம்மா பதில் சொல்றது?"

"மாப்பிள்ளையை நடந்து வரச் சொல்லுங்க."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். நான் செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினேன்.