ஃபைபர் படகில் ஒரு பென்குவின்

மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, ஜெராக்ஸ் எடுப்பது, பயோடேட்டா அடித்துக் கொடுப்பது, இதுதான் வேலை. நாலு கம்ப்யூட்டர். நாலுக்கும் வயதாகிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் பெருக்கி, கோலம் போட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் திரை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு, நாலிலும் இருந்த பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். முதல் கம்ப்யூட்டருக்கு அரை நாள் ஆனது. நாலாவது, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலை நாலும் பட்டென்று எழுந்து நின்றபோது எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. கடையில் யாரும் இல்லை, தட்டிவிட்டேன்.

அன்றைக்கே ஒரு நெல் மண்டிக்காரர் கடிதம் அடிக்க வந்தார். திரையைப் பார்த்தார், கீழே குனிந்து பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாம்மா, பொட்டி மேல ஒரு பேரு ஒட்டிகினு கீது, உள்ள வேற ஒண்ணு வருது? டூப்ளிகேட்டா?"

அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. "டூப்ளிகேட் இல்லீங்க. யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்னு குடுத்திருக்காங்க" என்று விளக்கினேன். தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. அவர் போனதும் நாலு பெட்டியிலிருந்தும் பழைய சிஸ்டத்தின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். எடுத்த இடத்தில் அழுக்குப் பசை சதுரமாக நின்றது. தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தும் தடம் போகவில்லை. சரி, அதன்மேல் நம்முடையதை ஒட்டிவிடுவோம் என்று நினைத்தேன். ஸ்டிக்கர் செய்யும் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

லினக்ஸுக்கு அடையாளம் பென்குவின். வரைவதற்கும் இலவச மென்பொருள் இருந்தது. கோட்டைப் பிடித்து இழுத்தால் வளைகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லவே கூடாது. இதில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, மஞ்சள் மூக்கு எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். பெட்டிக்குப் பெரியதாக ஒன்று. கீபோர்டில் பழைய சிஸ்டத்தின் சின்னம் போட்ட பட்டனை மறைக்க, ஸ்கேலால் அளந்து, விரல் நகம் அளவுக்கு இன்னொன்று. ஒரே தாளில் வரிசையாக நாற்பது குட்டிப் பென்குவின்கள்.

ஸ்டிக்கர் பேப்பரில் அச்செடுத்து, ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டினேன். இரண்டாம் நாள், ஈரக் கையோடு வந்த ஒருவர் பட்டனைத் தொட்டார். மை கரைந்து அவர் விரலில் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அரசுப் பேருந்து ஓட்டுநர். சாப்பாட்டுக்கு வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "வாத்துக்குச் சாயம் போவுது பாரு. பக்கத்துக் கடையில குடேன்."

பக்கத்துக் கடை ரேடியம் ஸ்டிக்கர் கடை. வண்டி நம்பர், சாமி படம், தலைவர் படம் என்று வெட்டி ஒட்டுகிற அண்ணன். என் பென்குவினை உற்றுப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, காக்கா வவுத்துப்புள்ளையோட கீதா?"

"பென்குவின்ணா."

"தெரியுது, தெரியுது. மூக்கக் கொஞ்சம் பெருசாக்கு. பிளேடு திரும்ப எடம் வேணும்ல."

சொன்னபடி மாற்றினேன். அவருடைய மெஷின் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று தாளிலும் கோட்டைத் தொடர்ந்து சரசரவென்று வெட்டியது. வேண்டாத துணுக்குகளை இரண்டு பேரும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தோம். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியதும் பென்குவின் பளபளவென்று எங்களைப் பார்த்தது. "சோக்கா கீது" என்றார் அண்ணன். ஒன்றைத் தன் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டிக்கொண்டார்.

அந்தக் கதவைப் பார்த்துத்தான் சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரர் நின்றார். மகளை மதுராந்தகத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மகளைப் பார்க்க வந்தவர், அப்படியே புதிய ஃபைபர் படகுக்கு நம்பர் வெட்டிக்கொண்டு போக வந்திருந்தார். அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒங்க பறவைய ஒருத்தர் விசாரிக்கிறாரு!"

படகுக்காரர் கதவில் விரல் வைத்துக் காட்டினார். "இது இன்னா துன்னும்மா?"

"மீன்தான். தண்ணியில முங்கிப் பிடிக்கும்."

"நல்லா நீஞ்சுமா?"

"அது பொறந்ததே அதுக்குத்தான்."

"அப்ப எனக்குத்தான் இது. படகுல ஒட்டிக்கிறேன். யாருதும்மா? நாளைக்கு எவனாவது வந்து எங்குளுதுன்னு சண்ட போடுவானா?"

"மாட்டாங்க. இத மொதமொதல்ல வரைஞ்சவரே எல்லாருக்கும்னு வுட்டுட்டாரு. எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். அவரு வரைஞ்சதுன்னு சொன்னா போதும்."

"மாத்திக்கலாமா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வாயில ஒரு வஞ்சிரத்தக் குடு."

அவரை என் கடைக்குக் கூட்டிப்போய், பத்து நிமிடத்தில் ஒரு மீன் வரைந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது சங்கரா" என்றார். நீளமாக்கினேன். "இப்ப கானாங்கெளுத்தி." வாலைப் பிளந்து, உடம்பை இன்னும் நீட்டி, விலாவில் புள்ளி வைத்தேன். கண்ணைச் சுருக்கித் திரைக்குக் கிட்டே குனிந்தார். பிறகு மெதுவாக, "ஆங். இவன்தான் வஞ்சிரம்" என்றார். பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது எனக்கு.

"உப்புத் தண்ணியில நிக்குமா?" என்று, வெட்டி முடித்த அண்ணனிடம் கேட்டார்.

"படகு தேஞ்சாலும் இது தேயாது, எடுத்துகினு போ."

மீன் கவ்விய பென்குவினை என்னோடு வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. யாரிடமிருந்தோ இலவசமாக வந்ததுதானே. ஸ்டிக்கர் தாள்களைப் பகிர்கிற ஒரு தளத்தில், முதலில் பென்குவினை வரைந்தவருக்கு நன்றி சொல்லி, யாரும் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஏற்றிவிட்டேன். சில வாரம் கழித்து எங்கோ பனி பெய்கிற ஊரிலிருந்து ஒரு பெண் படம் அனுப்பியிருந்தாள். அவள் மடிக்கணினி மூடியில் எங்கள் பென்குவின். கீழே ஒரே கேள்வி: அந்த மீனுக்கு என்ன பெயர்?

அந்தச் செய்தியைப் படகுக்காரரிடம் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்காரருக்கு விடுப்பு இருந்த ஒரு நாள் இரண்டு பேரும் சதுரங்கப்பட்டினம் போனோம். பேருந்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்காராமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம். பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டி மணலில் இறங்கியபோது படகுகள் வரிசையாகக் கிடந்தன. எங்கள் பென்குவினைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. நீலப் படகின் மூக்கில், வஞ்சிரத்தைக் கவ்விக்கொண்டு கடலைப் பார்த்து நின்றது. வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்துப் பெண்ணிடம், "இது எந்த சாமியோட வாகனம்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படகுக்காரர் ஓடி வந்து என் கையிலிருந்த செல்போனை வாங்கினார். பனி ஊர்ப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு ஊர்ல வஞ்சிரம் கெடைக்குமா?"

"கெடைக்காதாம்."

"அய்ய, பாவம்" என்று உண்மையாகவே வருந்தினார்.

அதற்குள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவருக்கு மீனுக்குப் பதில் நண்டு வேண்டும். இன்னொருவருக்குப் பென்குவின் தலையில் தலைப்பா வேண்டும். வலை உதறிய பெண் தன் மகள் வைத்திருக்கும் லேப்டாப்புக்கு வேண்டும் என்றாள், காதில் கம்மலோடு. என் வீட்டுக்காரர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் படகுக்காரர் வீட்டில் மீன் வறுத்துப் போட்டார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு அவருடைய மனைவி என்னைக் கேட்டாள்: "தலைப்பா சரி, மீசையும் வெக்க முடியுமா?"

"வெக்கலாம்" என்றேன். தட்டில் ஒட்டியிருந்த மசாலாவில் விரலால் வரைந்தே காட்டினேன். அவள் சிரிப்பில் சமையல்கட்டே அதிர்ந்தது.