சீழ் வராத புண்

என் மகன் பிறந்து ஒரு மாதம் தாண்டியும் தொப்புள்கொடி விழவில்லை. மூத்தவளுக்கு ஒரு வாரத்திலேயே காய்ந்து உதிர்ந்துவிட்டது. இவனுக்கு ஈரமாகவே இருந்தது. ஒருவழியாக விழுந்தபோது அந்த இடத்தில் புண் தங்கிவிட்டது.

அப்போது நான் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதுதான் வேலை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மலையில் விளையும் சாமையையும் புளியையும் சந்தைக்கு ஏற்றிப் போவார்.

குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸம்மா புண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சீழ் வைக்கலம்மா, சுத்தமா இருக்கு. நல்லதுதான்" என்றார். நானும் நல்லது என்றே நினைத்தேன். ஆனால் புண் ஆறவில்லை, ஓரமெல்லாம் கறுத்துப் பரவியது. பிறகு காய்ச்சல் வந்தது. பால் குடிப்பதை நிறுத்தினான்.

மலையிறங்கி ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு இருப்பதாகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், உடனே வேலூர் போங்கள் என்றார்கள். "சரிங்க" என்றேன். அதற்கப்புறம் பல மாதம் யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

வேலூரில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். தொப்புளை நெடுநேரம் பார்த்தார்.

"கொடி விழ லேட்டாச்சா?"

"ஆமாங்க."

"புண்ணுல எப்பவாவது சீழ் வந்துச்சா?"

"வரவே இல்லிங்க."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"இவ என் மாமன் பொண்ணுங்க" என்றார் வீட்டுக்காரர்.

வேறொரு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"கேன்சர் இல்ல" என்றுதான் தொடங்கினார். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அவர் கையை எடுக்கும்வரை காத்திருந்தார். "இது வேற. கொஞ்சம் பொறுமையா கேளுங்க."

அவர் சொன்னதை என்னால் இன்றும் சொல்லமுடியும். வெள்ளை அணுக்களுக்கு வேலை ரத்தத்துக்குள் இல்லை, வெளியேதான். உடம்பில் ஓர் இடத்தில் கிருமி புகுந்தால் அங்கே உள்ள ரத்தக் குழாயின் உள்சுவர் மாறிவிடும். ஓடிவரும் வெள்ளை அணு அந்தச் சுவரில் உருண்டு, வேகம் குறைந்து, இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு தட்டையாகி, சுவரில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாகத் தன்னை நெருக்கிக்கொண்டு வெளியே போகும். போய்க் கிருமியைத் தின்னும். தின்று செத்தவைதான் சீழ்.

"உங்க பையனுக்கு அணு உருளுது, ஆனா நிக்க முடியல. இறுகப் பிடிச்சுக்கிற கொக்கி பிறவியிலேயே இல்ல. அதனால வெளிய போக முடியாம ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருக்கு. ஆள் வரலன்னு உடம்பு இன்னும் இன்னும் அனுப்புது. ரத்தத்துல அவ்ளோ இருக்கு, புண்ணுல ஒண்ணுகூட இல்ல."

கொக்கி என்றதும், தைத்துமுடித்துக் கொக்கி வைக்காமல் விட்டுவந்த கல்யாண ஜாக்கெட்டுகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கல்யாண வீட்டுக்கு போன் செய்து சொல்லவேண்டும் என்று நினைத்தேன். என் பிள்ளையைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

"இன்னா பண்ணலாங்க?" என்று வீட்டுக்காரர்தான் கேட்டார்.

எலும்பு மஜ்ஜையை மாற்றவேண்டும், கூடப் பிறந்தவளுடையது பொருந்துகிறதா பார்க்கலாம் என்றார்கள். பொருந்தியது. மூத்தவள் அப்போது இரண்டாம் வகுப்பு. வார்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்கிட்டருந்து எடுத்துத் தம்பிக்குப் போடுவாங்களா?"

"ஆமா."

"அப்றம் தம்பிக்கு சீழ் வருமா?"

"வரும்னு சொல்றாங்க."

"சீழ் வந்தா நல்லதா?"

"அவனுக்கு நல்லது."

"வலிக்காதுல்ல?" என்றாள். மயக்கமருந்து கொடுப்பார்கள் என்றேன். எழுந்துபோய் அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மாற்றுவதற்கு முன்னால் அவனுக்குக் கடும் மருந்துகள் ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் வெந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அறையில் நானும் அவனும் இருந்தோம். கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்று கையசைப்பார். நானும் அசைப்பேன். அவன் அழுதால் தூக்குவேன், தூங்கினால் கிடத்துவேன். மூத்தவளிடமிருந்து எடுத்த மஜ்ஜையை ஒரு பையில் கொண்டுவந்து ரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றினார்கள். நர்ஸ் ஒருத்தி, "சாமி கும்பிட்டுக்கோங்க அக்கா" என்றாள். கும்பிட்டேன். மனசில் ஒரு வேண்டுதலும் வரவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் கட்டுப் பிரித்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். தொப்புள் புண்ணின் ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்திருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் கலங்கியிருந்தது.

"சீழ்மா" என்றார். "அணு வெளிய வந்துடுச்சு."

கதவுக்கு வெளியே வீட்டுக்காரருக்குச் சைகையில் சொன்னார்கள். அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நான் அழவில்லை. துடைக்கப் பஞ்சு வேண்டுமா என்று கேட்டேன்.

அந்தப் புண் மெதுவாக ஆறியது. வெகுநாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கி, பிறகுதான் மலைக்குத் திரும்பினோம். பஸ் வளைவுகளில் ஏறும்போது வீட்டுக்காரர், "இன்னா, ஒண்ணுமே பேசமாட்ற?" என்றார். "தூக்கம் வருது மாமா" என்றேன். தூக்கமும் வரவில்லை.

இப்போது அவன் அங்கன்வாடிக்குப் போகிறான். மழைக்காலத்தில் மற்ற பிள்ளைகளைப்போல அவனுக்கும் காய்ச்சல் வரும். வீட்டுக்காரர் வண்டியைப் பாதி வழியில் திருப்பிக்கொண்டு ஓடிவருவார். நான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போய்விடுவேன். எனக்குத் தைரியம் அதிகம் என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். நான் இல்லை என்று சொன்னதில்லை.