துரைவாசல் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்களுக்கும், அண்ணனோடு மண்டியில் பழகிய எல்லோருக்கும் என் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. நான் அவருக்கு அடுத்துப் பிறந்தவள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம். அவர் நடக்கப் பழகியபோது அப்பா எங்கள் குடும்பத்தோடு கீழே இறங்கி வந்து மரவள்ளி போட்டார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். மீசை முளைக்கும் முன்பே அண்ணன் கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். பிறகு தானே கடுக்காயும் புளியும் வாங்கி விற்கத் தொடங்கினார். மலையிலிருந்து தலைச்சுமையாய்க் கொண்டு வருகிறவர்களை முதலில் உட்கார வைத்து மோர் கொடுப்பார். அதன் பிறகுதான் தராசைத் தொடுவார். எங்கள் எல்லோரையும் கரை ஏற்றியது அந்தத் தராசுதான்.

அண்ணனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மலையில் ஒரு காலத்தில் ஆட்சி செய்த குடும்பத்தின் வீட்டைத் துரை வீடு என்பார்கள். எங்கள் குடும்பத்துக்குத் துரைவாசல் என்று பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் துரை வீட்டில் பிறந்து இறங்கி வந்த ராஜ வம்சம் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். புளி கொண்டு வருகிற கிழவர்களிடம் எல்லாம் பாட்டன் பெயர், பூட்டன் பெயர் கேட்பார். எங்கள் அப்பாவுக்கு நாலு தலைமுறைதான் தெரியும். அதற்கு மேல் உள்ள மூன்றையும் அண்ணனே தேடிச் சேர்த்தார். ஏழையும் மூச்சு விடாமல் சொல்லுவார். துண்டு எப்போதும் தோளில்தான் கிடக்கும், யார் வந்தாலும் கீழே இறங்காது.

டீக்கடையில் கேலி செய்வார்கள். "இன்னா தொரை, கிரீடம் எங்க?"

"வெளுக்கப் போட்டுகீறேன். வர்ற வெள்ளிக்கெழமை வந்துரும்" என்பார் அண்ணன்.

என்னை மணலூர்பேட்டையில் கொடுத்தபோதும், "ராஜ வூட்டுப் பொண்ணு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன் பலனை நான் அனுபவித்தேன். என் மாமியார் சாகும் வரை விடியற்காலையில், "ராணிம்மா, சாணி தெளிச்சாச்சிங்களா?" என்றுதான் எழுப்புவார். ஆனாலும் எங்கள் தெருவில் என்னைப் போல் பொங்கல் சீர் வாங்கியவள் யாரும் இல்லை.

அண்ணனின் மூத்த மகன் கரியாலூரில் வாத்தியாராகப் போனான். அங்கே கூட வேலை பார்த்த டீச்சரை அவனுக்குப் பிடித்துப்போனது. அந்தப் பெண் துரை வீட்டுப் பெண். அந்தச் செய்தி கேட்ட அன்று அண்ணன் மண்டியில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் இல்லாவிட்டால் வேறு கல்யாணமே வேண்டாம் என்று பையன் சொல்லியிருந்தான். அவன் அப்படிச் சொன்னால் சொன்னதுதான்.

பூ, பழம், வெற்றிலையோடு வேனில் மலை ஏறினோம். பெண்ணுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். ஓட்டு வீடு, பெரிய முற்றம், நல்ல காப்பி. அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஏழு பாட்டன் பெயரையும் சொல்லி முடித்து, "உங்க ஏழாவது பாட்டனும் எங்க ஏழாவது பாட்டனும் கூடப் பொறந்தவங்க. நாம ஒரே ரத்தம்" என்றார்.

பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாம பங்காளிங்க. எங்க பொண்ணு உங்க பையனுக்குத் தங்கச்சி மொறை ஆவுது. நல்ல வேளை, முன்னாடியே சொன்னீங்க. இருந்து சாப்ட்டுப் போங்க."

பையன் முகம் செத்துப்போனது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப திருப்தியா?" என்றாள்.

அண்ணன் பையனைப் பார்த்தார். எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நான் சொன்னது தப்புங்க. துரைவாசல்னா துரை வாசல்ல நின்னவங்க. எங்க பாட்டன் உங்க வாசலைக் காவல் காத்தவரு. நாந்தான் வாசலைத் தாண்டி உள்ள பூந்துட்டேன்."

பெரியப்பா என்னிடம் திரும்பி, "உங்க கொலசாமி எதும்மா?" என்றார்.

"ஏரிக்கரை அம்மன்ங்க."

"எங்களுக்குப் பெருமாளு. சாமி வேற வேற, அப்ப பங்காளி இல்ல, சரி." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஆனா காவக்காரன் வூட்டுக்கா பொண்ணு குடுக்கிறது?"

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அந்த வாசலே இடிஞ்சி, தகரத்த வெச்சி அடைச்சிக்கினு கீறோம் பெரியப்பா. இதுல யாரு உள்ள, யாரு வெளிய?"

முதலில் சிரித்தது பெரியப்பாதான். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.

இறங்கி வருகையில், "உண்மையில எதுண்ணா, உள்ளயா வாசலா?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா இன்னா? பையன் சிரிச்சிக்கினு வரான் பாரு" என்றார். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

அதன் பிறகு ஏழு பாட்டன் கதையை அண்ணன் எடுக்கவில்லை. பேத்தி பிறக்கும் வரைக்கும்தான். பிறந்த மறுநாளே மண்டிக்குப் போய், "எம் பேத்தி ராஜ வம்சம், அம்மா வழில. நான் ராஜா இல்லப்பா, ராஜாத்திக்குத் தாத்தா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியில் அண்ணனுக்கு இழுப்பு வந்தது. அதிகம் கஷ்டப்படவில்லை. பேத்தி கையால் பால் குடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாக்களுக்கும், அன்று கடை அடைத்து வந்து நின்ற மண்டி ஆட்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த பக்கத்துக் கடை பாய்க்கும், சமைத்துக் கொண்டு வந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

துரை வீட்டுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குச் சம்பந்திகள் கோடித்துணி கொண்டு வருவார்கள், தீட்டுக் காக்க மாட்டார்கள். தீட்டு பங்காளிகளுக்கு மட்டும்தான், அவர்கள் வீட்டில்தான் அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். பெரியப்பாவும் முறைப்படி கோடி கொண்டு வந்து அண்ணன் மேல் போர்த்தினார். நான் பாய் கடை டீயைக் கொடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மலையில எங்க வூட்லயும் இன்னிக்கி அடுப்பு மூட்டலம்மா. மொறை இல்லதான். இருந்தாலும் மனசு வரல" என்றார்.