யாரும் படித்துக் காட்டாத வாக்குமூலம்

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். நான் டைப் அடித்த பிரமாண வாக்குமூலம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் முடியும்: ‘படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டேன்.’ உண்மையில் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

மாங்காட்டு மேரியம்மாவின் கொல்லையைப் பக்கத்து வீட்டுக்காரர் வளைக்கப் பார்த்தார். தடையுத்தரவு கேட்டு வந்த மேரியம்மா, கைநாட்டுக்கு நான் நீட்டிய மை டப்பாவைத் தள்ளிவைத்தார்.

“இன்னா எழுதிக்கீற, படி நைனா.”

எரிச்சலோடு கடைசி வரியை மட்டும் படித்தேன்.

“நீ எப்போ படிச்சுக் காட்டின? சத்தியம் பண்ணிப் பொய் சொல்லச் சொல்றியா?”

வீம்புக்கு முதலிலிருந்து படித்தேன். ‘கொல்லை பிரதிவாதியின் அனுபவத்தில் உள்ளது’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. ‘வாதியின்’ என்று அடிக்க வேண்டியதை மாற்றி அடித்திருந்தேன்.

“பிரதிவாதின்னா யாரு?”

“எதிராளிம்மா.”

“என் இடத்த அவனுக்குக் குடுக்க என் கட்டைவிரலையே கேக்குறியா?”

திருத்தி அடித்து, முழுவதும் படித்துக் காட்டிய பிறகுதான் ரேகை வைத்தார். அதுவரை எத்தனை பேரைப் பொய் சொல்ல வைத்தேனோ!

அன்றிலிருந்து படித்துக் காட்டாமல் ஒரு கைநாட்டும் நான் வாங்கியதில்லை. நேரமாகிறது என்று வக்கீல் கத்துவார்.

“அப்போ அந்தக் கடைசி வரிய எடுத்துடலாமா சார்?” என்பேன்.